காந்த நாடாவும் கண்காணா நிலைபொருளும்

அறிவைத் தேடுதல் எத்துணைச் சிறப்புடையதோ, தேடிய அறிவை அழியாமற் காத்தலும் அத்துணைச் சிறப்புடையது. ஒருவர் ஆக்கிய நூலைப் பலர் தலைமுறை தலைமுறையாகப் பேணியதனாலேயே முன்னோர் செல்வம் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஒப்பற்ற சான்று உண்டு. திருக்குர்ஆன் அருளப்பெற்ற காலத்திலேயே இருவகையாற் காக்கப்பட்டது. நெஞ்சில் மனனமாகவும், தோல், எலும்பு, பேரீச்ச மட்டை முதலியவற்றில் எழுத்தாகவும் அது நின்றது. ஒவ்வொரு ரமலானிலும் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஓதி ஒப்புநோக்கி வந்தார்கள் என்றும், இறுதி ஆண்டில் அது இருமுறை நிகழ்ந்தது என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. யமாமாப் போரில் மனனம் செய்தோர் பலர் உயிர் துறந்தபோது, ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அதனை ஒரே தொகுப்பாக்கும் பணியை ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மனனத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தே அப்பெருமகனார் அப்பணியை முடித்தார்கள். ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் படிகள் பல எடுக்கப்பெற்றுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பெற்றன.

இவ்வரலாற்றில் மூன்று நெறிகளைக் காண்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட வகையிற் காத்தல், ஒப்புநோக்கிச் சரிபார்த்தல், பல இடங்களிற் பரப்பி வைத்தல் என்பன அவை. பின்வந்த அரபு நூற்படி எழுத்தாளர்கள் படியெடுத்து முடித்ததும் மூலத்தோடு அதனை ஒப்பிட்டனர். அதனை 'முகாபலா' என்றனர். ஒப்பிட்டு முடித்த இடத்தை ஏட்டின் ஓரத்திற் குறித்தும் வைத்தனர். தமிழகத்திலும் ஓலை இற்றுப்போகும் முன்னர்ப் புதிய ஓலையிற் படியெடுத்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. படி பலவாக இல்லாதவற்றின் கதியையும் நாம் அறிவோம். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 நூல்களுக்கு மேல் சாம்பலாயின. கிடைத்தற்கரிய சுவடிகளும் அவற்றுள் இருந்தன.

இன்று கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும், ஆய்வேடுகளும், படமெடுத்த சுவடிகளும், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் கணினிக்குள் குடியேறி வருகின்றன. இவற்றை நெடுங்காலம் காக்கும் கருவிகளுள் ஒன்று காந்த நாடா. அந்நாடாவை எழுதிப் படிக்கும் பொறியினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத ஓர் அறிவு உறைகின்றது. அதற்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர். தமிழில் 'நிலைபொருள்' என்பர். அது யாது, அதனை ஏன் புதுப்பிக்க வேண்டும், எவ்வாறு புதுப்பிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

நாடா வந்த வழி

1928 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் என்பவர் காகிதப் பட்டையின் மீது இரும்புத் துகள் பூசி ஒலியைப் பதிவு செய்யும் முறையைக் கண்டார். 1951 ஆம் ஆண்டு வெளிவந்த யூனிவாக் கணினி உலோக நாடாவைப் பயன்படுத்தியது. மறு ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தனது 726 என்னும் நாடாப் பொறியை வெளியிட்டது. அதில் அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடாவில் ஓர் அங்குலத்திற்கு 100 எழுத்துகள் பதிந்தன.

இன்று பெருவழக்காக உள்ளது 'எல்.டி.ஓ.' என்னும் வகையாகும். ஹெச்.பி., ஐ.பி.எம்., சீகேட் ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி வகுத்த பொதுத்தரம் இது. 2000 ஆம் ஆண்டு வந்த இதன் முதல் தலைமுறைக் கேட்ரிட்ஜ் 100 ஜிகாபைட் கொண்டது. 2021 ஆம் ஆண்டு வந்த ஒன்பதாம் தலைமுறைக் கேட்ரிட்ஜ், சுருக்காமலே 18 டெராபைட், அஃதாவது முன்னதைப் போல் 180 மடங்கு கொள்ளுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேழைக்குள் ஒரு பெருநூலகமே அடங்கிவிடுகின்றது எனலாம்.

வட்டும், மின்வழிச் சேமிப்பும் மலிந்த காலத்தில் நாடா எதற்கு என்று சிலர் வினவுவர். அலமாரியில் உள்ள நாடாவிற்கு மின்சாரம் வேண்டா. கணினியோடு இணைப்பற்றுக் கிடப்பதால் நச்சு நிரல் அதனைத் தீண்டாது. தவறான கட்டளையும் அதனை எட்டாது. 2011 பிப்ரவரி இறுதியில் நடந்ததே இதற்குச் சான்று. கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவையில், சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழையால், பயனாளருள் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. பல இடங்களிற் படிகள் இருந்தும் பயனில்லை. ஒரே பிழை பல படிகளையும் ஒருங்கே தாக்கியது. இணைப்பற்றுக் கிடந்த நாடாக்களிலிருந்தே அவ்வஞ்சல்கள் மீட்கப்பட்டன. புதுப்பித்தல் என்னும் நற்செயலே கேட்டினை விளைத்ததும், பழைய நாடா அக்கேட்டினை நீக்கியதும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே காணக்கிடக்கின்றன.

நிலைபொருள் என்பது யாது?

கையாற் தொட்டறியும் உறுப்புகள் வன்பொருள். நாம் வேண்டியபோது ஏற்றி, வேண்டாதபோது நீக்குவன மென்பொருள். இவ்விரண்டிற்கும் இடையில், கருவியின் உள்ளே நிலையாகப் பதிந்து கிடந்து, அக்கருவிக்கு அதன் தொழிலைக் கற்பிப்பது நிலைபொருள். 1967 ஆம் ஆண்டு ஆஷர் ஓப்லர் என்பவர் 'டேட்டாமேஷன்' இதழில் 'ஃபர்ம்வேர்' என்னும் சொல்லை வழங்கினார். நாடாவைச் சுவடி எனக் கொண்டால், அதனைச் சுழற்றும் இயக்கி, அஃதாவது 'டேப் டிரைவ்', அச்சுவடியைப் படிக்கும் புலவர் ஆவார். அப்புலவரின் எழுத்தறிவே நிலைபொருள். கண்ணும் ஏடும் நன்றாயிருந்தும் எழுத்தறிவு இல்லையேல் ஏடு ஊமையே.

அவ்வெழுத்தறிவின் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை நாடாவின் அகலம் அரை அங்குலம், நீளம் 1,035 மீட்டர், கனம் 5.2 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனம் அது. அவ்வரை அங்குல அகலத்தில் 8,960 தடங்கள் நெருங்கி அமைந்துள்ளன. படிக்கும் முனையில் உள்ள 32 நுண்ணுறுப்புகள் ஒரே நேரத்தில் 32 தடங்களை எழுதுகின்றன. நாடா முழுதும் ஒருமுறை ஓடியதும், முனை சற்றே நகர்ந்து எதிர்த்திசையில் அடுத்த 32 தடங்களை எழுதுகின்றது. உழவன் சாலோட்டித் திரும்புவது போன்றது இது. இவ்வாறு 280 முறை ஓடினால்தான் நாடா நிரம்பும். நொடிக்கு 400 மெகாபைட் என்னும் முழு வேகத்தில் எழுதினாலும் அதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும்.

வேகமாக ஓடும்போது நாடா சிறிதளவு மேலும் கீழும் அசையும். ஆலையிலேயே நாடாவில் பதித்துள்ள வழிகாட்டிக் கோடுகளை நோக்கி, முனையைக் கணந்தோறும் திருத்தி நிறுத்துவது நிலைபொருளே. நாடா தளர்ந்தால் இறுக்குவதும், எழுதியதை உடனே படித்துப் பார்த்துப் பிழையெனில் மீண்டும் எழுதுவதும் அதன் பணி. தேய்ந்த எழுத்தைப் பிழைதிருத்தக் கணக்கால் மீட்பதும், பேழையினுள் உள்ள சிறு சில்லில் அந்நாடாவின் வரலாற்றைக் குறிப்பதும் அதனையே சாரும். இத்துணைப் பொறுப்பும் சில மெகாபைட் அளவுள்ள ஒரு நிரலின் தோளில் ஏறியுள்ளது.

புதுப்பித்தல் ஏன்?

ஆலையிலிருந்து வந்த நாளில் இயக்கி கற்றிருந்த பாடம் அன்றைய நாள்வரையான பாடமே. அதன் பின்னர்ப் புதிய நாடா வகைகள் வரும். கணினியின் இயக்கமுறைமையும், காப்பு நகல் எடுக்கும் மென்பொருளும் மாறும். உலகெங்கும் ஆயிரக்கணக்கான இயக்கிகள் ஓடும்போது, ஆய்வகத்தில் தென்படாத பிழைகள் வெளிப்படும். செய்தோர் அவற்றைத் திருத்திப் புதிய நிலைபொருளை வெளியிடுவர்.

திருத்தத்தைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு நாடா அல்லாத ஒரு சேமிப்புக் கருவியின் கதை நல்ல பாடமாகும். 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பை வெளியிட்டது. தன் திண்மநிலைச் சேமிப்பகங்களுட் சில, மொத்தம் 32,768 மணி நேரம் இயங்கியதும் அடியோடு செயலற்றுப் போகும் என்றும், அதன்பின் அவற்றிலுள்ள தரவை மீட்க இயலாது என்றும் அது எச்சரித்தது. 32,768 மணி என்பது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அவ்வெண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு ஆகும் என்பதைக் கணிதம் பயில்வோர் உடனே உணர்வர். மணிக்கணக்கை எழுத ஒதுக்கிய இடம் நிரம்பி வழிவது போன்ற பிழையை அவ்வெண்ணே நினைவூட்டுகின்றது. உறுப்பு எதுவும் தேயவில்லை. காந்தமோ மின்னோ குன்றவில்லை. குறை நிலைபொருளில் இருந்தது.

இதில் அச்சம் தருவது ஒன்றுண்டு. ஒரே நாளில் வாங்கிப் பொருத்திய பல சேமிப்பகங்கள் ஒரே மணியில் சாகும். ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும் என்று இணைத்து வைத்த ஏற்பாடு அங்கே பயன்படாது. அந்நாள் வருமுன் நிலைபொருளைப் புதுப்பித்தோர் மட்டுமே தப்பினர்.

அவ்வாறாயின், புதிய வெளியீடு வந்த அன்றே ஏற்றிவிடலாமா? அதுவும் அறிவுடைமை ஆகாது. 2009 சனவரியில் சீகேட் நிறுவனத்தின் சில வன்தட்டுகள் நிலைபொருட் பிழையால் கணினியின் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. அதனைத் தீர்க்க வந்த முதல் திருத்தமே சில மாதிரிகளை இயங்காமற் செய்தது. அது திரும்பப் பெறப்பட்டு மீண்டும் திருத்தப்பட்டது.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. அங்கே மீத்திறன் கணினியின் காப்பு நகல் நிரலை மேம்படுத்தப் புதிய வடிவம் ஒன்று வந்தது. பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது அதன்மேல் எழுதப்பட்டது. பாதி வழியில் தடம் மாறிய நிரல், பழைய பதிவுக் குறிப்புகளை நீக்குவதற்கு மாறாக, ஆய்வாளரின் கோப்புகளையே நீக்கியது. 77 டெராபைட் அளவில் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிப்புற்றன. அவற்றுள் 4 குழுக்களின் தரவு மீட்கவொண்ணாததாயிற்று. காப்பதற்கென்று வைத்த நிரலே அழித்த கதை இது.

ஆகவே, புதுப்பியாமை ஒரு தீங்கு. முறையின்றிப் புதுப்பித்தல் மற்றொரு தீங்கு. இவ்விரண்டிற்கும் நடுவே முறையறிந்து செய்தல் என்னும் வழி உள்ளது.

புதுப்பிக்கும் முறை

முதலாவது, அடையாளம் காணல். இயக்கியின் மாதிரிப் பெயரையும், அதிலுள்ள நிலைபொருளின் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும. கணினி 'நீ யார்?' என்று கேட்டால், இயக்கி தன்னைச் செய்தவர் பெயர், மாதிரி, நான்கு எழுத்தாலான பதிப்புக் குறி ஆகியவற்றை விடையாகத் தரும். ஒரே தலைமுறை இயக்கிகளிலும் முழு உயரம், அரை உயரம் என இரு வகை உண்டு. கணினியோடு இணையும் முறையிலும் 'எஸ்.ஏ.எஸ்.', 'ஃபைபர் சேனல்' என வேறுபாடு உண்டு. தனித்து நிற்பதும், நாடா நூலகப் பெட்டியினுள் பொருத்தியதும் வேறு வேறு. இவற்றிற்கு உரிய நிலைபொருட் கோப்புகளும் வேறுபடும். உருவம் ஒத்ததென்று உடன்பிறந்தாரின் மருந்தை ஊட்டலாகாது.

இரண்டாவது, வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல். எப்பிழை திருத்தப்பட்டது, எப்பதிப்பிலிருந்து எப்பதிப்பிற்கு நேரே செல்லலாம், பழைய பதிப்பிற்குத் திரும்ப வழியுண்டா என்பவை அதில் இருக்கும். காப்பு நகல் மென்பொருளும் நூலகப் பெட்டியும் அப்பதிப்பை ஏற்கின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். நமக்குத் தொடர்பில்லாத திருத்தமாயின் விரைய வேண்டியதில்லை. நம் தரவைக் காக்கும் திருத்தமாயின் தாழ்த்தலாகாது.

மூன்றாவது, கோப்பைப் பெறுதல். செய்தவரிடமிருந்தோ, விற்பனைக்குப் பின் பராமரிப்பவரிடமிருந்தோ மட்டுமே அதனைப் பெற வேண்டும். உடன் வெளியிட்ட சரிபார்ப்புத் தொகை இருப்பின், அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இப்போது இயங்கும் பழைய பதிப்பின் கோப்பையும் கிடைக்குமாயின் பத்திரப்படுத்தி வைத்தல் நலம்.

நான்காவது, இயக்கியை ஓய்வுறச் செய்தல். ஓடிக்கொண்டிருக்கும் காப்பு நகற் பணியை முடித்து, நாடாவை வெளியே எடுத்து, காப்பு நகல் மென்பொருளை நிறுத்திவிட வேண்டும். சில மென்பொருள்கள் சும்மா இருக்கும்போதும் 'நலமா?' என்று இயக்கியை அடிக்கடி வினவிக்கொண்டே இருக்கும். அவ்வினா இடையிற் புகுந்து காரியத்தைக் கெடுக்கலாம். கியோட்டோ தரும் பாடமும் இதுவே: ஓடுகின்ற வண்டிக்குச் சக்கரம் மாற்றலாகாது.

ஐந்தாவது, மின்சாரத்திற்குக் காவல். நிலைபொருள் தங்கும் 'ஃபிளாஷ்' நினைவகத்தில் பழையதை அழித்தே புதியதை எழுத வேண்டும். அழித்த பின், எழுதி முடிக்கும் முன், மின்சாரம் நின்றால் இயக்கி தன் எழுத்தறிவை இழந்து நிற்கும். நல்ல இயக்கிகள் புதிய கோப்பு முழுவதையும் முதலில் தம் தற்காலிக நினைவில் வாங்கிச் சரிபார்த்த பின்னரே எழுதத் தொடங்கும். எனினும் அச்சிறு இடைவெளி எஞ்சியே இருக்கின்றது. மின்வெட்டுள்ள ஊர்களில் தடையிலா மின்வழங்கி இன்றி இப்பணியில் இறங்குதல் ஆகாது. சில நிமிடங்களில் முடியும் பணிதான். அச்சில நிமிடங்களில் பொத்தான் எதனையும் தொடாமலிருக்கும் பொறுமை வேண்டும்.

ஆறாவது, ஏற்றுதல். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. கணினியிலிருந்து கருவி நிரல் கொண்டு ஏற்றுதல் முதல் வழி. ஐ.பி.எம். இயக்கிகளுக்கு 'ஐ.டி.டி.டி.' என்பதும், ஹெச்.பி.இ. இயக்கிகளுக்கு 'லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ்' என்பதும் உள்ளன. நாடா நூலகப் பெட்டியாயின் அதன் மேலாண்மைத் திரை வழியே ஏற்றுதல் இரண்டாம் வழி. நிலைபொருளையே ஒரு தனி நாடாவில் எழுதி, அந்நாடாவை இயக்கிக்குள் செலுத்துதல் மூன்றாம் வழி. இம்மூன்றாம் வழியில், படிப்பவர் ஓர் ஏட்டைப் படித்தே தம் எழுத்தறிவைத் திருத்திக்கொள்ளும் விந்தையைக் காண்கிறோம்.

இயக்கிகள் பல இருப்பின், ஒன்றை மட்டும் முதலிற் புதுப்பித்து, சில நாள் பயன்படுத்திப் பார்த்த பின்னர் மற்றவற்றைத் தொடுதல் தகும். எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டுப் பிழை காண்போருக்குத் திரும்ப ஒரு நல்ல இயக்கியேனும் மிஞ்சாது.

ஏழாவது, சரிபார்த்தல். இயக்கி மீண்டும் எழுந்ததும் புதிய பதிப்புக் குறி தோன்றுகின்றதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். ஆனால், பணியின் உயிர்ப்பகுதி இதன் பின்னரே உள்ளது. வெற்று நாடா ஒன்றில் சில கோப்புகளை எழுதி, அவற்றை மீட்டு, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதன்பின், புதுப்பிப்பதற்கு முன்னர் எழுதிய பழைய நாடா ஒன்றை எடுத்து, எழுத்துத் தடைத் தாழை இட்டு, அதிலிருந்தும் சில கோப்புகளை வேறோர் இடத்தில் மீட்டுப் பார்க்க வேண்டும். புதிய எழுத்தறிவு பழைய ஏட்டையும் படிக்கின்றதா என்பதே வினா. முன்னோர் செய்த முகாபலா இதுவேயன்றி வேறன்று.

எட்டாவது, குறித்து வைத்தல். நாள், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, செய்தவர் பெயர், சோதித்த நாடாவின் எண் ஆகியன ஒரு பதிவேட்டில் ஏறவேண்டும். அலுவலர் மாறுவர், ஏடு நிற்கும். ஓராண்டு கழித்து ஒரு நாடா படிக்க மறுக்கும்போது முதலில் தேடப்படுவது இக்குறிப்பே ஆகும்.

நிலைபொருளின் எல்லை

நிலைபொருளைப் புதுப்பித்தால் எந்நாடாவையும் எக்காலத்தும் படிக்கலாம் என்று எண்ணிவிடலாகாது. எல்.டி.ஓ. முறையில் ஏழாம் தலைமுறை வரையிலான இயக்கிகள் தமக்கு முந்திய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தன. முந்திய ஒன்றில் எழுதவும் செய்தன. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இயக்கிகள் முந்திய ஒரு தலைமுறையை மட்டுமே ஏற்கின்றன. 2025 ஆம் ஆண்டு அறிமுகமான பத்தாம் தலைமுறை இயக்கியோ தன் தலைமுறை நாடாவைத் தவிரப் பிறவற்றை ஏற்பதில்லை. நாடாவின் பூச்சும், படிக்கும் முனையின் அமைப்பும் மாறிவிட்டால், எழுத்தறிவை மட்டும் திருத்துவதாற் பயனில்லை.

ஆதலின், நல்ல சூழலில் நாடா 30 ஆண்டுகள் கெடாதிருக்கும் என்னும் உறுதிமொழியை மட்டும் நம்பி உறங்குவோர் ஏமாறுவர். நாடா இருக்கும்; அதனைப் படிக்கும் இயக்கி இராது. அமெரிக்க விண்வெளி வரலாற்றில் இது நேரில் நிகழ்ந்தது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைப் படம் பிடித்தனுப்பின. அப்படங்கள் ஏறத்தாழ 1,500 நாடாக்களில் நின்றன. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்னும் பொறிகளோ வழக்கொழிந்தன. நான்சி எவன்ஸ் என்னும் பெண்மணி பழுதுற்ற நான்கு பொறிகளைத் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் நெடுங்காலம் பாதுகாத்தார். அவரைப் பலர் வியந்திருக்கவும் கூடும். அவரது விடாப்பிடி வீண்போகவில்லை. 2008 ஆம் ஆண்டு, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மூடிக்கிடந்த ஓர் உணவகக் கட்டடத்தில் அப்பொறிகளுள் ஒன்று பழுது நீக்கப்பெற்று மீண்டும் சுழன்றது. நிலவின் அருகிலிருந்து 1966 இல் எடுத்த பூமியின் படம், உலகம் அதுவரை காணாத தெளிவோடு வெளிப்பட்டது.

நாடா நாற்பது ஆண்டுகள் வாய்மூடிக் காத்திருந்தது. அதனைப் பேசவைக்கும் பொறியை ஒருவர் எறியாமல் வைத்திருந்தமையால் அது பேசியது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய நெறி தெளிவானது. இயக்கி உயிரோடிருக்கும்போதே, பழைய தலைமுறை நாடாவிலுள்ளவற்றைப் புதிய தலைமுறைக்குப் படியெடுத்துவிட வேண்டும். ஓலை இற்றுப்போகும் முன் படியெடுத்த நம் முன்னோரின் நெறியும் இதுவே. படியெடுத்தபின் பழைய இயக்கியை உடனே கழித்துவிடாமல், புதிய படி சரியென உறுதியாகும்வரை அதன் நிலைபொருளோடும் கையேட்டோடும் பேணுதல் நன்று.

அமானிதம்

காப்பு நகலுக்குக் கணினி அறிஞர் கூறும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு: மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். தொடக்கத்தில் நாம் கண்ட மூன்று நெறிகளுள் இரண்டு இதில் அடங்கிவிடுகின்றன. அடங்காத ஒன்று ஒப்புநோக்குதல். அதனை வாய்பாடு செய்யாது. மனிதர்தாம் செய்தல் வேண்டும். 'காப்பு நகல் எடுத்துவிட்டோம்' என்னும் சொல், 'மீட்டுப் பார்த்தோம்' என்னும் சொல்லால் நிறைவு பெறுகின்றது.

நிறுவனங்களை நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிய கணினிக் கூடம் திறந்தால் பெயர்ப் பலகை வைக்கப்படும், விழா எடுக்கப்படும். அடித்தள அறையில் சுழலும் நாடாவிற்கும், அதன் நிலைபொருளை ஓர் இரவில் புதுப்பிக்கும் ஊழியருக்கும் விழாவும் இல்லை, பலகையும் இல்லை. எனினும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவ்வியக்கியின் பராமரிப்பிற்கும், தடையிலா மின்வழங்கிக்கும், தலைமுறை மாற்றத்திற்கும் ஒரு வரி ஒதுக்கப்படல் வேண்டும். பல கருவிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளோருக்கே நிலைபொருட் கோப்பு கிடைக்கின்றது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். இத்தொழில் கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. சுவடியியல் பயிலும் தமிழ் மாணவர், மூலத்தோடு படியை ஒப்பிடும் ஒழுக்கத்தை முன்பே கற்றவர். அவ்வொழுக்கத்தை நாடாவிற்கும் வட்டிற்கும் கொண்டு செல்ல அவரினும் தகுதியுடையார் எவர்?

ஒரு மாணவரின் மதிப்பெண், ஒரு பெண்ணின் நிக்காஹ் பதிவு, ஓர் ஆசிரியரின் இருபதாண்டு ஆய்வு ஆகியன நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதங்கள். ஒப்படைத்தவர் என்றேனும் ஒரு நாள் வந்து கேட்பார். அன்று பேழையைக் காட்டினால் போதாது. பேழைக்குள் இருப்பதை எடுத்துக் கையிற் கொடுக்க வேண்டும். அதற்குரிய ஆற்றலை, கண்ணுக்குப் புலனாகாத அச்சிறு நிலைபொருள் உட்பட, நன்னிலையில் வைத்திருப்பது நம் கடமை. அக்கடமையை முறையறிந்து ஆற்ற வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!